ஒரு மணிக்கு எத்தனை நிமிடம்?

கேசினோவுக்குப் போய் ஏமாந்துவிட்டேன் என்று ஒருவர் வந்து நின்றால் நமக்கு முதலில் என்ன தோன்றும்? 'நல்லா வேணும்' என்றுதான் தோன்றும். சூதாடித் தோற்றவன்மேல் இரக்கப்படுகிற வழக்கம் நம்மிடம் குறைவு. தருமர் விஷயத்திலேயே பாதி மனசோடுதான் 'பாவம்' என்றோம்.

ஆனால் நான் சொல்லப்போகிறவர் சூதாடவில்லை. சீட்டைத் தொடவில்லை. மெஷினில் ஒரு டாலர்கூடப் போடவில்லை. கேசினோ ரிசார்ட்டில் இருக்கிற ஸ்பாவில் குப்புறப் படுத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி ஏமாந்தார்.

மசாஜ் என்றதும் உங்களில் சிலர் லேசாகச் சிரிப்பது தெரிகிறது. சிரிக்காதீர்கள். நம் ஊர் போலீஸ் செய்திகள் அந்த வார்த்தையைக் கெடுத்து வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் மசாஜ் செய்ய அரசு வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வாங்கப் பல நூறு மணி நேரம் படித்திருக்க வேண்டும். முறையான தொழில். நான் பேச வந்தது அந்தத் தொழிலைப் பற்றியும் அல்ல, அதை நிமிடக் கணக்கில் விற்கிற வியாபாரத்தைப் பற்றி.

சிநேகிதர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. முப்பது வருஷத்துக்கு மேல் பணம் எண்ணியவர். அமெரிக்காவில் மகன் இருக்கிற எல்லாப் பெற்றோரையும்போல இவரும் கிராண்ட் கேன்யன் பார்க்கக் கிளம்பி, வழியில் லாஸ் வேகஸில் இரண்டு நாள் தங்கினார். காரில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. 'ஒரு மசாஜ் எடுத்துக்குங்கப்பா' என்று மகன் அந்த ரிசார்ட்டின் ஸ்பாவிலேயே பதிவு செய்தான். மெனு கார்டில் 50 நிமிடம், 210 டாலர். அதற்கு மேல் 20 சதவிகிதம் சர்வீஸ் சார்ஜ், 42 டாலர். ஆக 252 டாலர். நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல்.

மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். காத்திருக்கும் அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்ததாம். உள்ளே அழைத்தபோது மணி 3.04. முடித்துத் திரும்பி வந்து அதே கடிகாரத்தைப் பார்த்தால் 3.52. நடுவில் நாற்பத்தெட்டு நிமிடம். அதில் வராந்தாவில் போக வர நடந்தது, எங்கே வலி, எது ஒத்துக்கொள்ளாது என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்னது, உடை மாற்றியது எல்லாமாக ஒரு பத்து நிமிடம். வங்கிக்காரர் அல்லவா, கழித்துப் பார்த்தார். முதுகில் கை இருந்த நேரம் 38 நிமிடம்.

ரிசப்ஷனில் கேட்டார். அங்கே இருந்தவர் முகத்தில் சிரிப்பு மாறாமல் சொன்ன பதில்: "அது ஐம்பது நிமிட அனுபவம், சார்."

அனுபவம்! மசாஜ் வேறு, அனுபவம் வேறு. வராந்தாவில் நடப்பதும் அனுபவம். சட்டைப் பொத்தானை அவிழ்ப்பதும் அனுபவம். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து கணக்குப் போட்டால் அவருக்கு ஒரு மாதத்து அனுபவம் இலவசமாகவே கிடைத்திருக்கிறது.

"விடுங்கப்பா, இங்கே எல்லாம் இப்படித்தான்" என்றான் மகன். பில்லில் சர்வீஸ் சார்ஜுக்குக் கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது. கூடுதல் டிப்ஸ் எழுத. மகன் அதில் பத்து டாலர் எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

இந்த 'எல்லாம் இப்படித்தான்' என்ற ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நெவாடாவில் சூதாட்டம் 1931-லிருந்து சட்டப்படியான தொழில். 1989-ல் மிராஜ் என்ற பிரமாண்டமான ரிசார்ட் திறந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரின் கணக்கே மாறியது. அதுவரை அறையையும் சாப்பாட்டையும் மலிவாகக் கொடுத்து ஆளைச் சூதாட்ட மேஜைக்கு இழுப்பார்கள். அதன் பிறகு அறையிலும் சாப்பாட்டிலும் கச்சேரியிலும் ஸ்பாவிலுமே சம்பாதிக்க ஆரம்பித்தார்கள். லாஸ் வேகஸின் அந்தப் பெரிய வீதியில் இன்று சூதாட்ட வருமானத்தைவிட மற்ற வருமானம் அதிகம். மிராஜையே 2024-ல் மூடிவிட்டார்கள். அது கற்றுக்கொடுத்த பாடத்தை மூடவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. அந்த ஊரில் சூதாட்டத்துக்கு இருக்கிற கண்காணிப்பைப் பாருங்கள்.

ஸ்லாட் மெஷின் என்றால் பொத்தானை அமுக்கினால் படம் சுற்றுகிற அந்தப் பெட்டி. போட்ட பணத்தில் நீண்ட கால சராசரியாகக் குறைந்தது 75 சதவிகிதத்தையாவது அது ஆடுகிறவர்களுக்குத் திருப்பித் தரும்படி அமைந்திருக்க வேண்டும் என்பது நெவாடா விதி. நடைமுறையில் மாநிலம் முழுக்க எடுத்துக்கொண்டால் 90-க்கு மேலேயே திரும்புகிறது. மெஷினின் உள்ளே இருக்கிற மென்பொருளைச் சோதித்து, அரசுத் தரப்பில் அனுமதித்த பிறகுதான் தளத்துக்கே வரும்.

ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள். கூடவே 0, 00 என்று இரண்டு. ஜெயித்தால் ஒன்றுக்கு முப்பத்தைந்து. இதனால் வைக்கிற ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் கேசினோவுக்குப் போகும். இது ரகசியமே இல்லை. சக்கரம் கண் முன்னால் சுற்றுகிறது. குழிகளை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் ஒரு பெரிய அநியாயம் நடந்தது. முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் வழக்கமாக இரண்டுக்கு மூன்று கொடுப்பார்கள். பத்து டாலர் வைத்தவனுக்குப் பதினைந்து. இரண்டாயிரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஐந்துக்கு ஆறு என்று மாற்றினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு. மூன்று டாலரைச் சத்தமில்லாமல் உருவிவிட்டார்கள். ஆனால் அதையும் மேஜை விரிப்பின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டு உட்காரலாம், எழுந்தும் போகலாம்.

தகராறு வந்தால்? நெவாடா சட்டம் சொல்கிறது: பணம் கொடுப்பதில் தகராறு வந்து, தொகை 500 டாலரோ அதற்கு மேலோ இருந்து, பேசித் தீரவில்லை என்றால், கேசினோவே சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். 500-க்குக் கீழே என்றால், 'வாரியத்தை விசாரிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு' என்று வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். எதிராளியே உங்கள் உரிமையை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று சட்டம்!

இப்போது சிநேகிதரின் கணக்குக்கு வாருங்கள். 50 நிமிடத்துக்குப் பணம், 38 நிமிடம் வேலை. திரும்பி வந்தது 76 சதவிகிதம். போனது 24 சதவிகிதம். ரூலெட் சக்கரத்தில் நூற்றுக்கு ஐந்தே கால். மசாஜ் கட்டிலில் நூற்றுக்கு இருபத்து நாலு. சட்டம் அனுமதிக்கிற ஆக மோசமான ஸ்லாட் மெஷினைவிட ஒரே ஒரு சதவிகிதம்தான் மேல்!

ஒரு வித்தியாசமும் உண்டு. மெஷினில் பணம் போடுகிறவன் போகலாம், வரலாம் என்று தெரிந்தே போடுகிறான். இவர் பந்தயம் கட்டவில்லை. விலை கொடுத்து ஒரு பொருள் வாங்கினார். பொருளின் பெயர் 50 நிமிடம். ஒரு நிமிடத்துக்கு ஐந்து டாலர் நாலு சென்ட் வீதம் பன்னிரண்டு நிமிடத்துக்கு 60 டாலர் 48 சென்ட். அந்த அறுபது டாலரைச் சீட்டு மேஜையில் கொடுக்க மறுத்திருந்தால் விசாரிக்க வாரியம் இருக்கிறது. ஸ்பாவில் மறுத்ததால் சிரித்த முகத்தோடு ஒரு கண்ணாடி டம்ளரில் வெள்ளரித் துண்டு போட்ட தண்ணீர் கொடுத்தார்கள்.

சூதாட்டத் தளத்தில் கடிகாரம் மாட்ட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நேரம் தெரிந்தால் எழுந்து போய்விடுவான் என்று காரணம் சொல்வார்கள். அங்கே நேரத்தை விற்கவில்லை, அதனால் கடிகாரம் இல்லாவிட்டால் போகட்டும். ஆனால் ஸ்பாவில் விற்கிற சரக்கே நேரம்தான். நேரத்தை விற்கிற கடையில் வாட்சைக் கழற்றி லாக்கரில் வை, செல்போனை அணைத்து வை, கண்ணை மூடிக்கொள் என்கிறார்கள். அரிசிக் கடையில் தராசுக்கு முதுகைக் காட்டி நில் என்று சொன்னால் நிற்பீர்களா?

இந்த ஐம்பது நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது? மனோதத்துவ டாக்டர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மணிக்கு ஒரு நோயாளி. அவரிடம் ஐம்பது நிமிடம் பேசுவது, மீதிப் பத்தில் குறிப்பு எழுதுவது. 1955-ல் ராபர்ட் லிண்ட்னர் என்ற மனோதத்துவ நிபுணர் தன் புத்தகத்துக்கே 'ஐம்பது நிமிட மணி' என்றுதான் பெயர் வைத்தார். ஸ்பாக்காரர்களும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆள் வருவதற்குள் விரிப்பை மாற்றவும் அறையைத் துடைக்கவும் அந்தப் பத்து நிமிடம் வேண்டும். நியாயம்தான். மெனுவில் 50 என்று நேர்மையாகப் போட்டிருக்கும்வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. அறுபதிலிருந்து பத்தை ஏற்கனவே எடுத்தாயிற்று. மிச்சமிருக்கிற ஐம்பதிலும் இன்னொரு முறை கையை விடுவதுதான் ஆட்சேபம். துடைக்க ஒரு பத்து, நடக்க ஒரு பத்து என்று போனால் முதுகுக்கு என்ன மிஞ்சும்?

அடுத்தது அந்த 42 டாலர்.

சர்வீஸ் சார்ஜ் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு என்ன புரியும்? மசாஜ் செய்த அந்தப் பெண்ணுக்குப் போகிறது என்று புரியும். அமெரிக்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் தானாக விரும்பிக் கொடுப்பதுதான் டிப்ஸ். அதில் முதலாளி கை வைக்கக் கூடாது என்று 2018-ல் சட்டத்தைத் திருத்தித் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். ஆனால் பில்லில் கட்டாயமாகச் சேர்க்கிற தொகை டிப்ஸ் இல்லை. அது முதலாளியின் வருமானம். தொழிலாளிக்கு முழுசாகக் கொடுக்கலாம், பாதி கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நல்ல முதலாளிகள் கொடுக்கிறார்கள். ஆனால் எவ்வளவு கொடுத்தோம் என்று உங்கள் பில்லில் எழுதுவதில்லை.

2025-ல் அங்கே இன்னொரு சட்டம் வந்தது. டிப்ஸாக வருகிற பணத்தில் வருஷத்துக்கு 25,000 டாலர் வரைக்கும் 2028 வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு வரி கட்டலாம். மசாஜ் தொழிலாளர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் சலுகை விருப்பப்பட்டுக் கொடுத்த டிப்ஸுக்கு மட்டும். கட்டாய சர்வீஸ் சார்ஜிலிருந்து வருகிற பங்குக்குக் கிடையாது. நீங்கள் அந்தப் பெண்ணின் கையில் பத்து டாலர் கொடுத்தால் அவருக்குச் சலுகை. அதே பத்து டாலரை ரிசார்ட் பில்லில் சேர்த்துப் பிடுங்கி அவருக்குக் கொடுத்தால் சலுகை இல்லை. ஒரே பணம், பெயர் மாறியதும் மதிப்பு மாறுகிறது. பெயர் வைக்கிற உரிமை மட்டும் ரிசார்ட்டிடம் இருக்கிறது.

அதனால் தயவுசெய்து அந்தப் பெண்ணின்மேல் பாயாதீர்கள். ஒரு நாளில் அடுத்தடுத்து எத்தனை முதுகு என்று அட்டவணை போடுவது அவர் இல்லை. ஒருவர் நாலு நிமிடம் தாமதமாக உள்ளே வந்தால் அந்த நாலை எங்கே குறைப்பது? அடுத்த வாடிக்கையாளர் அறை வாசலில் நிற்கிறார். விரிப்பு மாற்ற வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். அவரும் மனுஷிதானே? மேலே இருந்து பிழிகிறவன் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் பன்னிரண்டு நிமிடமும் அந்தப் பெண்ணின் ஓய்வும் ஒரே கைதான் எடுத்துக்கொண்டு போகிறது. அவருக்கு லைசென்ஸ் கொடுக்க வாரியம் உண்டு. அவரை விரட்டுகிற அட்டவணைக்கு லைசென்ஸ் கேட்க ஆள் இல்லை.

'ஏன் சார், அமெரிக்காவில் நுகர்வோர் சட்டமெல்லாம் இல்லையா?' என்பீர்கள். இருக்கிறது. ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று உண்டு. அறை வாடகை 80 டாலர் என்று விளம்பரம் போட்டுவிட்டு, உள்ளே வந்த பிறகு நாளுக்கு 50 டாலரை ஒட்டி இன்னொரு தொகையைச் சேர்ப்பார்கள். நீச்சல் குளத்துக்கு, இன்டர்நெட்டுக்கு என்று காரணம் சொல்வார்கள். நீந்தாதவனும் கொடுக்க வேண்டும். பல வருஷம் நடந்த இந்தக் கூத்துக்கு அவர்களின் மத்திய வர்த்தக ஆணையம் ஒரு விதி போட்டது. 2025 மே 12-லிருந்து, கட்டாயமான எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து மொத்த விலையைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஆனால் விதி இரண்டே இரண்டு சரக்குக்குத்தான்: தங்கும் அறை, மேடை நிகழ்ச்சி மற்றும் விளையாட்டுகளுக்கான டிக்கெட். மசாஜ் அதில் இல்லை. மாடியில் அறைக்கு நேர்மையான விலை போட வேண்டிய அதே கட்டடத்தில், கீழே ஸ்பாவில் 210 என்று பெரிதாகவும் 20 சதவிகிதம் என்று பொடியாகவும் போட்டுக்கொள்ளலாம்.

இனி உங்களோடு கொஞ்சம் சண்டை.

பூக்காரம்மா முழம் போடும்போது என்ன செய்கிறீர்கள்? அவர் முழங்கையையே முறைத்துப் பார்க்கிறீர்கள். 'கையை நல்லா நீட்டி அளம்மா' என்கிறீர்கள். அளந்த பிறகும் 'இன்னும் ரெண்டு விரல்கடை விடு' என்று பேரம். கறிகாய்க்காரரிடம் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கொசுறாக வாங்காமல் நகர்வதில்லை. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறீர்கள். அளவு விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது அத்தனை சுலபம் இல்லை என்ற பெருமை நமக்கு உண்டு.

அந்தப் பெருமை பளிங்குத் தரையைப் பார்த்ததும் எங்கே போகிறது? பஞ்சுபோல ஒரு வெள்ளை அங்கியை மாட்டிவிட்டு, மெல்லிசாகப் புல்லாங்குழல் போட்டுவிட்டால், பன்னிரண்டு நிமிடம் போனதைக் கேட்பது அநாகரிகம் ஆகிவிடுகிறது. 'அல்பம்னு நினைப்பாங்க' என்று வாயை மூடிக்கொள்கிறோம். தெருவில் இரண்டு விரல்கடைக்கு வாதாடுகிறவர்கள், ரிசார்ட்டில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் போனதற்கு 'தேங்க்யூ' சொல்லிவிட்டு வருகிறோம். அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் அவர்கள் வியாபாரமே. பில்லில் அதற்குத் தனி வரி போடுவதில்லை, அவ்வளவுதான்.

'இதெல்லாம் பணம் இருக்கிறவன் பிரச்னை' என்று ஒரு வாசகர் கடிதம் எழுதுவார். இருபதாயிரம் ரூபாய்க்கு முதுகு பிடித்துவிடச் சொன்னவருக்காக நான் அழவில்லை. அளவுக்காக அழுகிறேன். படி என்றால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே படி. பணக்காரன் கேட்கத் தயங்கும் இடத்தில் பழகிய கை, கேட்க முடியாதவன் இடத்தில் இன்னும் தைரியமாகக் குறைக்கும். அதுவுமல்லாமல் இங்கே குறைந்தது பணக்காரனின் நிமிடம் மட்டும் இல்லை, விரிப்பு மாற்றுகிற பெண்ணின் நிமிடமும்தான்.

ஸ்பாக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மெனு கார்டில் மூன்று வரி. கை முதுகில் படுகிற நேரம் எத்தனை நிமிடம். சர்வீஸ் சார்ஜ் சேர்த்து மொத்தம் எவ்வளவு. அந்த சார்ஜில் தொழிலாளிக்கு எவ்வளவு. பிளாக்ஜாக் மேஜைத் துணியில் ஐந்துக்கு ஆறு என்று அச்சடிக்க முடிந்தவர்களுக்கு இதை அச்சடிக்க மை கிடைக்காதா?

அவர்கள் அச்சடிக்கும்வரை நீங்கள் கேளுங்கள். மகனையோ மகளையோ பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள், பதிவு செய்யும்போதே போனில் கேளுங்கள்: "ஐம்பது நிமிடம் என்றால் மசாஜ் மட்டும் ஐம்பதா? உடை மாற்றுவதும் சேர்த்தா?" பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் குறைந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மேனேஜரைக் கூப்பிட்டு, குறைந்த நிமிடத்துக்குப் பணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், கணக்கைச் சொன்னால் போதும். மசியவில்லை என்றால், அமெரிக்க கிரெடிட் கார்டில் கட்டியிருக்கும் மகனிடம் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டபடி சேவை கிடைக்கவில்லை என்று கார்டு கம்பெனிக்கு எழுத, பில் அனுப்பியதிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கொடுக்க மனசிருந்தால் பில்லில் எழுதாதீர்கள், கையில் கொடுங்கள்.

'விடுங்கப்பா' என்று மகன் சொல்வான். விடாதீர்கள். பூக்காரம்மாவிடம் விட்டுவிடுங்கள், அவருக்கு இரண்டு விரல்கடை போனால் நஷ்டம். இங்கே விடாதீர்கள்.